ஊகம், அனுமானம், கருதுகோள், முன்முடிவு: எது எங்கே பிரிகிறது?

ஒரு விஷயத்தை முழுதாகத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அதைப் பற்றி மனத்தில் ஒரு கருத்து உருவாகிவிடுகிறது. இதைச் சொல்லத் தமிழில் நிறையச் சொற்கள் இருக்கின்றன. ஊகம், அனுமானம், கருதுகோள், எதிர்பார்ப்பு, முன்முடிவு, முன்தீர்மானம், தப்பெண்ணம், பாரபட்சம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பேச்சில் இவற்றை ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைப் போட்டுப் பேசுகிறோம். அதனால் இரண்டு பக்கமும் நஷ்டம். நியாயமாக ஊகித்தவரைப் பார்த்து "முன்முடிவோடு பேசாதீர்கள்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டு வந்தவரோ "இது என் அனுமானம்தான்" என்று எளிதாகத் தப்பித்துக்கொள்கிறார்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: புதிய ஆதாரம் வந்தால் இந்தக் கருத்து மாறுமா? கருத்து எவ்வளவு சீக்கிரம் உருவானது என்பதோ, சரியாக அமைந்ததா தவறாகப் போனதா என்பதோ இங்கே அவ்வளவு முக்கியமில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே நினைப்பது குற்றம் இல்லை. அது இல்லாமல் மனம் வேலை செய்யவே செய்யாது. இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதுகூட அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று உங்கள் மனம் கணித்துக்கொண்டேதான் வருகிறது. அதனால்தான் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் தடையில்லாமல் படித்துவிட முடிகிறது. இருட்டில் படியிறங்கும்போது கால் அடுத்த படியை எதிர்பார்த்தே நீள்கிறது. "எந்த எண்ணமும் இல்லாமல் திறந்த மனத்தோடு பாருங்கள்" என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டால் யாராலும் கடைப்பிடிக்க முடியாது.

சரி, அப்படியானால் நல்ல முன்னெண்ணத்துக்கும் கெட்ட முன்னெண்ணத்துக்கும் என்ன வேறுபாடு? வானியலில் நடந்த ஒரு கதை இதற்குப் பொருத்தமாக இருக்கும். ஒரே மனிதர், ஒரே வகையான யோசனை, இரண்டு வேறு முடிவுகள்.

பிரெஞ்சு வானியலாளர் உர்பெய்ன் லெவெரியே, யுரேனஸ் கோள் கணக்கிட்ட பாதையிலிருந்து கொஞ்சம் விலகிப் போவதை ஆராய்ந்தார். அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோள் எங்கே இருக்க வேண்டும் என்று காகிதத்திலேயே கணக்குப் போட்டார். கணக்கை பெர்லின் வானாய்வகத்தில் இருந்த யோஹான் கால்லேவுக்குக் கடிதமாக அனுப்பினார். கடிதம் கையில் கிடைத்த அதே இரவில், 1846 செப்டம்பர் 23 அன்று, கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். லெவெரியே சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது.

அடுத்து அவர் புதன் கோளை எடுத்துக்கொண்டார். சூரியனுக்கு மிக அருகில் புதன் வரும் புள்ளி மெல்ல மெல்ல நகர்கிறது. மற்றக் கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும் அந்த நகர்வில் ஒரு சிறு பகுதி விளங்காமல் மிஞ்சியது. 1859இல் லெவெரியே அதே வழியில் யோசித்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஏதோ ஒன்று, ஒரு கோளோ பல சிறு பொருள்களோ, இருக்க வேண்டும். யோசனையில் ஒரு பிழையும் இல்லை. முன்பு வெற்றி தந்த வழி அது. அந்த ஆண்டிலேயே லெஸ்கார்போ என்ற கிராமத்து மருத்துவர், சூரியனின் முகத்தைக் கடந்து ஒரு கறுப்புப் புள்ளி போவதைத் தான் பார்த்ததாக எழுதினார். லெவெரியே அவரை நேரில் போய் விசாரித்துவிட்டு, கோள் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார். அதற்கு வல்கன் என்று பெயரும் வந்தது.

அதன்பிறகுதான் சிக்கல். வல்கன் வரும் என்று கணித்த நாள்களில் அது வரவில்லை. ஆனால் அவ்வப்போது யாராவது ஒருவர் "நான் பார்த்தேன்" என்றார். 1878இல் வந்த முழு சூரிய கிரகணத்தின்போதுகூட அமெரிக்காவில் இருவர் பார்த்ததாகச் சொன்னார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்; ஆவலோடு தேடுகிறவன் கண்ணும் அப்படித்தான். லெவெரியே 1877இல் இறக்கும்வரை வல்கனைக் கைவிடவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தமது புதிய ஈர்ப்புக் கோட்பாட்டை வைத்து, நூற்றாண்டுக்குச் சுமார் 43 விகலை வரும் அந்த மிச்ச நகர்வை எந்தக் கோளின் துணையும் இல்லாமல் விளக்கிவிட்டார். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு விகலை. அவ்வளவு சிறிய மிச்சம் அது. வல்கன் என்று ஒன்று இருந்ததே இல்லை.

தொடக்கத்தில் நெப்டியூனும் வல்கனும் ஒரே தகுதி உடையவை. இரண்டுமே கருதுகோள்கள். வல்கன் தவறாகப் போனதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கருதுகோள்களில் பெரும்பாலானவை தவறாகத்தான் போகும். குறித்த நாளில் கோள் வராதபோது "அப்படியானால் அது இல்லையோ?" என்று கேட்காமல், "அடுத்த முறை வரும்" என்று கணக்கை மட்டும் திருத்திக்கொண்டே போனார்களே, அங்கேதான் கருதுகோள் முன்முடிவாக மாறியது. மாறிய நாள் எது என்று யாராலும் குறிக்க முடியாது. முன்முடிவு பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் வந்து உட்காருகிறது.

இப்போது சொற்களுக்கு வருவோம். இவற்றில் மிக எளியது ஊகம். குறைந்த தடயத்தை வைத்து "இப்படி இருக்கலாம்" என்று சொல்வது. சொல்கிறவரும் அதைப் பெரிதாகப் பிடித்துக்கொள்வதில்லை. தவறினால் "சும்மா ஊகித்தேன்" என்று விட்டுவிடுவார். சிலர் யூகம் என்று எழுதுகிறார்கள், பொருள் ஒன்றுதான்.

அனுமானம் கொஞ்சம் கனமான சொல். இன்றைய பேச்சில் ஊகத்துக்குச் சமமாக இதைப் பயன்படுத்துகிறோம் என்றாலும், அளவை நூல்களில், அதாவது பழைய தருக்க நூல்களில், அது அறிவு பெறும் வழிகளில் ஒன்று. காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்வார்கள். நேரில் காண்பது காண்டல். கண்டதை வைத்துக் காணாததை அறிவது கருதல், அதுதான் அனுமானம். நம்பத்தக்கவர் சொல்லைக் கொண்டு அறிவது உரை. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது அனுமானத்துக்கு வழிவழியாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டு. இந்த முடிவைச் சொன்னால் மட்டும் போதாது. ஏது என்ன, அதாவது காரணம் என்ன, அதற்கு ஏற்கெனவே அறிந்த சான்று என்ன என்று காட்ட வேண்டும். காரணம் போலத் தோன்றி, உண்மையில் காரணமாக நிற்காத ஒன்றை ஏதுப்போலி என்று தனியாகப் பெயர் வைத்துப் பிரித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. மூடுபனியைப் புகை என்று நினைத்து "நெருப்பு" என்றால் அது ஏதுப்போலி. நம்முடைய முன்முடிவுகள் பலவற்றுக்கு அடியில் தோண்டிப் பார்த்தால் இப்படி ஒரு போலிதான் கிடக்கும்.

கருதுகோளின் தனித்தன்மை, அது சோதனைக்காகவே உருவாக்கப்படுவது. "இப்படி என்று வைத்துக்கொள்வோம், அப்படியானால் இன்னது நடக்க வேண்டும், நடக்கிறதா பார்ப்போம்." இந்த மூன்று படிகளில் கடைசிப் படி இல்லாவிட்டால் அதைக் கருதுகோள் என்று சொல்லக் கூடாது. எதிர்பார்ப்பு என்பதில் இந்த ஒழுங்கு கிடையாது. அது பாதி கணிப்பு, பாதி ஆசை. அதனால்தான் எதிர்பார்ப்பு பொய்த்தால் வருத்தமும் கூடவே வருகிறது.

முன்முடிவு என்ற சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. விசாரணைக்கு முன்பே முடிவு. முன்தீர்மானம் என்பதும் ஏறக்குறைய அதுவே. ஆனால் தீர்மானம் என்ற சொல்லில் செயலும் கலந்திருப்பதால், என்ன செய்யப் போகிறோம் என்பதையும் முன்பே உறுதி செய்துவிட்டது போன்ற ஒரு தொனி வருகிறது. நேர்காணலுக்கு ஆள்களை அழைப்பதற்கு முன்பே யாரை எடுப்பது என்று பேசி வைத்திருந்தால், அது முன்தீர்மானம்.

முன்முடிவு மனிதர்கள் மேல் திரும்பி, கூடவே வெறுப்பும் சேர்ந்தால் அது தப்பெண்ணம். அந்த எண்ணம் செயலில் இறங்கி, ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறு நியாயம் என்று நடந்துகொண்டால் பாரபட்சம். எண்ணம் மனத்தில் இருப்பது, பாரபட்சம் கையில் வெளிப்படுவது. தப்பெண்ணம் இருந்தும் பாரபட்சமாக நடக்காமல் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. தன்னிடம் எந்தத் தப்பெண்ணமும் இல்லை என்று உளமார நம்பிக்கொண்டே பாரபட்சமாக நடப்பவர்களும் உண்டு. ஆகவே இந்த இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் தப்பெண்ணத்தைப் பற்றி எழுதியபோது இதே கோட்டைத்தான் போட்டார். புதிய தகவல் கிடைத்த பிறகும் மாற மறுக்கும்போதுதான் ஒரு முன்கணிப்பு தப்பெண்ணம் ஆகிறது என்றார். எல்லோரும் அவசரத்தில் தவறாகக் கணிக்கிறோம். திருத்திக்கொண்டால் அது வெறும் பிழை. திருத்த வந்தவர் மேல் கோபம் வந்தால் அது தப்பெண்ணம்.

இதை எண்களாகவும் பார்க்கலாம். தாமஸ் பேய்ஸ் என்பவர் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1763இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த நிகழ்தகவுக் கணக்கு இது. ஒரு செய்தியைப் பற்றி மூன்று பேருக்கு மூன்று நம்பிக்கைகள் என்று வையுங்கள். முதலாமவர் "உண்மையாக இருக்க 50 சதவீதம் வாய்ப்பு" என்கிறார். இரண்டாமவர் 90 சதவீதம் என்கிறார். மூன்றாமவர் 100 சதவீதம், சந்தேகமே இல்லை என்கிறார். இப்போது ஒரு ஆதாரம் வருகிறது. செய்தி உண்மையாக இருந்தால் அந்த ஆதாரம் கிடைக்க எவ்வளவு வாய்ப்போ, பொய்யாக இருந்தால் அதைப்போல நான்கு மடங்கு வாய்ப்பு. கணக்குப் போட்டால் முதலாமவரின் நம்பிக்கை 20 சதவீதமாக இறங்க வேண்டும். இரண்டாமவருடையது சுமார் 69. இதே வலிமையில் தனியாக இன்னொரு ஆதாரம் வந்தால் முதலாமவர் சுமார் 6க்கும், இரண்டாமவர் 36க்கும் வந்துவிடுவார்கள். தொடங்கிய இடம் வேறு என்றாலும் இருவரும் ஒரே திசையில் நகர்கிறார்கள். மூன்றாமவர்? எத்தனை ஆதாரம் வந்தாலும் 100இலேயே நிற்பார். கணக்கே அப்படித்தான் சொல்கிறது: 100 சதவீதத்தில் தொடங்கியவரை எந்த ஆதாரத்தாலும் அசைக்க முடியாது. பூஜ்யத்தில் தொடங்கியவருக்கும் அதே கதிதான். 90 சதவீத நம்பிக்கை எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் அது கருத்துதான். முன்முடிவு என்ற பெயர் பொருந்துவது அந்த மூன்றாமவருக்கு.

யாரும் தன்னை மூன்றாமவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆதாரம் வந்தால் மாறிக்கொள்வேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அந்த ஆதாரம் நம்மிடம் வந்து சேராதபடி நாமே பார்த்துக்கொள்கிறோம். இது எப்படி நடக்கிறது என்பதைக் காட்டும் சோதனைகள் சில உண்டு.

உளவியலாளர் ஹரால்ட் கெல்லி 1950இல் வெளியிட்ட ஆய்வில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் வகுப்பு ஒன்றுக்குப் புதிய ஆசிரியர் ஒருவர் வந்தார். அவர் வருவதற்கு முன் மாணவர்களுக்கு அவரைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்று தரப்பட்டது. எல்லோருக்கும் ஒரே குறிப்புதான், ஒரு இடத்தைத் தவிர. சிலருடைய தாளில் அவர் மிகவும் அன்பாகப் பழகுகிறவர் என்றும், மற்றவர்களுடைய தாளில் ஒட்டாமல் விலகியே இருப்பவர் என்றும் இருந்தது. குறிப்பு இரண்டு விதம் என்பது மாணவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அதே மனிதர் அதே பாடத்தை நடத்துவதைக் கேட்டார்கள். பிறகு மதிப்பிடச் சொன்னபோது, "அன்பானவர்" என்று படித்தவர்கள் அவரைக் கலகலப்பானவர், நல்ல இயல்புடையவர் என்றார்கள். மற்றவர்களின் மதிப்பீடு கீழே போயிருந்தது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு விவரம். அன்பானவர் என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் வகுப்பு விவாதத்தில் பங்கெடுத்தார்கள். மற்ற குழுவில் 32 சதவீதம் பேர்தான். அதாவது, ஒட்டாதவர் என்று நினைத்தவர்களில் பலர் அவரோடு பேசவே முன்வரவில்லை. பேசியிருந்தால் தங்கள் எண்ணம் தவறு என்று தெரிந்திருக்கலாம். அந்த வாய்ப்பை அவர்களே மூடிவிட்டார்கள்.

இரண்டாவது சோதனை உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்டது. 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதியின்படி அமைந்தவை என்று சொல்லப்படும். நீங்கள் வேறு மூன்று எண்களைச் சொல்லலாம். அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று பதில் கிடைக்கும். விதி பிடிபட்டுவிட்டது என்று தோன்றும்போது அதைச் சொல்ல வேண்டும். பலருக்கும் உடனே தோன்றுவது "இரண்டிரண்டாகக் கூடுகிறது" என்பது. அதனால் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும் என்று பதில் வரும். 20, 22, 24 என்பார்கள். பொருந்தும். இதற்குள் நம்பிக்கை முற்றிவிடும். ஆனால் உண்மையான விதி வேறு: ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் சரி. 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தன் எண்ணம் உடைந்துபோகக்கூடிய கேள்வியைக் கேட்கப் பலருக்குத் தோன்றவில்லை. பெரும்பாலோர் முதலில் சொன்ன விதி தவறாகவே இருந்தது. இத்தனைக்கும் இங்கே யார் மேலும் வெறுப்பில்லை, ஆதாயமில்லை. வெறும் எண்கள்தாம்.

எண்களிலேயே இப்படி என்றால், உணர்ச்சி கலந்த விஷயத்தில் கேட்கவே வேண்டாம். 1979இல் உளவியலாளர் சார்ல்ஸ் லார்டும் அவருடைய சகாக்களும் மரண தண்டனையை ஆதரிக்கும் மாணவர்களையும் எதிர்க்கும் மாணவர்களையும் அழைத்து, இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று தண்டனை குற்றத்தைக் குறைக்கிறது என்றது, இன்னொன்று குறைக்கவில்லை என்றது. இரண்டும் சோதனைக்காக எழுதப்பட்டவை. இரு தரப்பும் ஒரே பொருளைப் படித்துவிட்டு, தங்கள் கருத்து முன்பைவிட உறுதிப்பட்டதாகச் சொன்னார்கள். தங்களுக்குச் சாதகமான ஆய்வைச் சிறப்பாகச் செய்யப்பட்டது என்று ஏற்றுக்கொண்டு, பாதகமானதில் மட்டும் ஓட்டைகளைத் தேடியிருந்தார்கள். ஓட்டை தேடுவது தவறல்ல. ஒரு பக்கம் மட்டும் தேடுவதுதான் கோளாறு.

இதற்கு மாற்று உண்டா என்று அதே லார்ட் 1984இல் வெளியிட்ட ஆய்வு பார்த்தது. அதன் முடிவு எல்லோருக்கும் பயன்படும். ஒரு குழுவிடம் "நடுநிலையோடு படியுங்கள், நீதிபதி போல எடைபோடுங்கள்" என்று சொன்னார்கள். பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இன்னொரு குழுவிடம், ஒவ்வொரு கட்டத்திலும் "இதே ஆய்வு எதிர்ப்பக்க முடிவைத் தந்திருந்தால், இதை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பேனா?" என்று கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் குழுவில் சாய்வு நன்றாகக் குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நடுநிலையாக இரு என்றால், நான் ஏற்கெனவே நடுநிலைதானே என்று மனம் பதில் சொல்லிவிடும். எதிர்ப்பக்கத்தை எண்ணிப்பார் என்றால் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது.

சட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். குற்றம் நிரூபிக்கப்படும்வரை குற்றம் சாட்டப்பட்டவரை நிரபராதி என்றே கருத வேண்டும் என்கிறோமே, யோசித்துப் பார்த்தால் அதுவும் விசாரணைக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் ஒரு கருத்துதான். ஆனால் அதை யாரும் முன்முடிவு என்று சொல்வதில்லை. தெரிந்தே, காரணத்தோடு, ஆதாரம் வந்தால் கைவிடுவோம் என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொண்ட அனுமானம் அது. வழக்கில் தனக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் ஈடுபாடு இருக்கும் நீதிபதி விலகிக்கொள்வதும் இதே எண்ணத்தின் மறுபக்கம்.

மருத்துவ ஆய்வில் இன்னொரு வழி கண்டார்கள். முன்கூட்டிய எண்ணத்தை மறைக்காமல், அதை முதலிலேயே எழுதிப் பதிவு செய்துவிடுவது. எந்த மருந்து, எந்த விளைவைத் தரும் என்று எதிர்பார்க்கிறோம், அதை எப்படி அளப்போம் என்பதையெல்லாம் நோயாளிகளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் வைக்க வேண்டும். முக்கியமான மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 2005 முதல் இப்படிப் பதிவு செய்த சோதனைகளையே வெளியிடுவது என்று ஏற்றுக்கொண்டார்கள். எழுதி வைத்த பிறகு, முடிவைப் பார்த்துவிட்டு "நாங்கள் எதிர்பார்த்தது இதைத்தான்" என்று மாற்றிச் சொன்னால் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும்.

இதைச் சின்ன அளவில் யாரும் செய்யலாம். ஒருவரைப் பற்றியோ ஒரு திட்டத்தைப் பற்றியோ கருத்து உருவாகும்போது அதை ஒரு வரியில் எழுதுங்கள். அப்புறம், என்ன தெரியவந்தால் இந்தக் கருத்தை விடுவேன் என்று அதன் கீழேயே இன்னொரு வரி எழுதுங்கள். இரண்டாவது வரி எளிதாக வந்துவிட்டால் உங்களிடம் இருப்பது ஊகமோ அனுமானமோ கருதுகோளோ ஏதோ ஒன்று; வைத்துக்கொண்டு தாராளமாக மேலே யோசிக்கலாம். எவ்வளவு யோசித்தும் அந்த இரண்டாவது வரியில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், முதல் வரிக்குப் பக்கத்தில் முன்முடிவு என்று குறித்துவிட்டு, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கலாம்.